ஸனா மக்கி: ஒரு பாலைநிலச் செடியின் வரலாறும் அது சுமந்துவந்த அமானிதமும்

ஹஜ், உம்ரா முடித்துத் திரும்புவோர் கொண்டுவரும் பொருள்களில் ஸம்ஸம் நீருக்கும் பேரீச்சம் பழத்துக்கும் அடுத்தபடியாகச் சில நேரங்களில் ஒரு சிறு இலைப் பொட்டலமும் இருப்பதுண்டு. ஸனா மக்கி என்று அதற்குப் பெயர். அதே இலை நம்மூர் நாட்டு மருந்துக் கடைகளில் நிலவாகை என்றும் நிலாவரை என்றும் விற்கப்படுகிறது. மலச்சிக்கலுக்கு நம் பாட்டிமார் இரவில் கொடுத்துவந்த சூரணமும் இதன் இலைதான். பெட்டியில் வந்ததும் கடையில் வாங்கியதும் ஒரே இனச் செடியின் இலைகள் என்பதைப் பலர் அறிவதில்லை.

இந்தச் செடியைப் பற்றி நம்மிடையே இரண்டு வகையான பேச்சுகள் உலவுகின்றன. சகல நோய்களையும் தீர்க்கும் அருமருந்து, தினமும் பருகுங்கள் என்பது ஒன்று. பழங்காலத்து வைத்தியம், இன்றைய அறிவியலுக்கு ஒவ்வாதது என்பது மற்றொன்று. இதன் ஆயிரத்து நானூறு ஆண்டுக்கால வரலாற்றைப் படிப்போருக்கு இவ்விரண்டும் பொருந்தாத பேச்சுகள் என்பது விளங்கும். பாலையில் தானாக முளைக்கும் ஓர் இலை மருந்தாக மாறுவதற்கு, அதைப் பறிப்பவர், விற்பவர், கொடுப்பவர் ஆகிய அனைவரும் நேர்மையும் அளவும் பேண வேண்டியிருந்தது. எங்கே அது பேணப்பட்டதோ அங்கே இலை மருந்தாயிற்று. எங்கே பேணப்படவில்லையோ அங்கே அதுவே தீங்காயிற்று.

செடியும் அதன் நிலமும்

தாவரவியலார் இச்செடியைச் சென்னா அலெக்ஸாண்ட்ரினா என்று அழைக்கின்றனர். ஸனா என்னும் அரபுச் சொல்லே இலத்தீனில் சென்னா ஆயிற்று. 1768ஆம் ஆண்டு ஆங்கிலத் தோட்டக்கலை அறிஞர் பிலிப் மில்லர் இப்பெயரைப் பதிவு செய்தார். நம் வறண்ட நிலங்களில் மஞ்சள் பூக்களுடன் நிற்கும் ஆவாரையும் இதே பேரினத்தைச் சேர்ந்தது. ஆகவே ஆவாரையை அறிந்தவர் ஸனாவை மனக்கண்ணால் காண்பது எளிது. அதே மஞ்சள் பூக்கொத்து. அதே போன்று ஒரு காம்பின் இருபுறமும் இணை இணையாக அமைந்த சிற்றிலைகள். ஆனால் ஸனாவின் சிற்றிலை ஈட்டி முனைபோல் கூர்மையானது. நிறம் சற்றே வெளிறிய பச்சை. காய் தட்டையாகவும் அகலமாகவும் இருக்கும்.

சூடானின் வறண்ட சமவெளிகள், எரித்திரியா, சோமாலியா, செங்கடலுக்கு அப்பால் ஹிஜாஸ், யமன், ஹளரமவ்த், கிழக்கே சிந்து வரையிலான அரைப்பாலை நிலங்கள் ஆகியவை இதன் தாயகம். ஆண்டில் சில நாள்கள் மட்டுமே மழை பெறும் இந்நிலங்களில், வெள்ளம் ஓடி வற்றிய வாதிகளின் ஓரங்களிலும் மணலும் சரளையும் கலந்த சரிவுகளிலும் இது வளர்கிறது. பெரும்பாலும் இடுப்பளவு உயரத்தைத் தாண்டுவதில்லை. ஆணிவேர் ஆழச் சென்று ஈரத்தைத் தேடுகிறது. சிற்றிலைகள் சிறியனவாகவும் தடித்தனவாகவும் இருப்பதால் வெயிலில் இழக்கும் நீர் குறைகிறது. கடினமான மேல்தோல் கொண்ட விதை அடுத்த மழைக்காகக் காத்துக் கிடக்கிறது.

இச்செடியின் வரலாற்றை நிர்ணயித்த பண்பு இன்னொன்றும் உண்டு. பறித்த இலை வெயிலில் விரைவாகக் காய்ந்துவிடும். காய்ந்தபின் எடை மிகக் குறைவு. உலர்ந்த நிலையில் நெடுநாள் கெடுவதில்லை. ஒட்டகத்தின் மேல் ஏற்றிப் பல வாரப் பயணம் கொண்டுசெல்வதற்கு இதைவிடத் தகுந்த சரக்கு அரிது. எனவே மனிதக் குடியிருப்பு குறைந்த ஒரு நிலத்தின் காட்டுச்செடி உலகச் சந்தைகளை எட்டியது.

அஸ்மா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி

இஸ்லாமிய வரலாற்றில் ஸனாவின் பெயர் ஒரு பெண்மணியின் அறிவிப்போடு பிணைந்துள்ளது. அவர் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி). தொடக்கக் காலத்திலேயே இஸ்லாத்தைத் தழுவி, கணவர் ஜஅஃபர் பின் அபீதாலிப் (ரலி) அவர்களுடன் ஹபஷாவுக்கு ஹிஜ்ரத் சென்று, அங்கே நெடுங்காலம் வாழ்ந்து, ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு (பொ.ஆ. 628) மதீனா வந்து சேர்ந்தவர்.

வயிற்றை இளக்குவதற்கு எதைப் பயன்படுத்துகிறீர் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவரிடம் வினவினார்கள். ஷுப்ரும் என்னும் செடியைக் குறிப்பிட்டார் அவர். அது மிகக் கடுமையான வெப்பம் உடையது என்று நபியவர்கள் ஏற்காமல் கூறினார்கள். பின்னர் ஸனாவைப் பயன்படுத்தியதாக அவர் தெரிவித்தபோது, மரணத்துக்கு நிவாரணி என்று ஒன்று இருக்குமானால் அது ஸனாவாக இருந்திருக்கும் என்னும் கருத்தில் நபியவர்கள் மொழிந்தார்கள். திர்மிதீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. இதன் அறிவிப்பாளர் தொடரின் வலிமை குறித்து ஹதீஸ் கலை அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இவ்வறிவிப்பை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் அதன் இறுதிப் பகுதியை மட்டுமே எடுத்துரைக்கின்றனர். முற்பகுதியோ அதே அளவு கவனத்துக்குரியது. ஷுப்ரும் என்பது பால் வடியும் கள்ளி இனத்துச் செடி. அதன் பால் குடலை எரித்துப் பேதியை உண்டாக்கும். பழைய மருத்துவர்களே அதைத் தவிர்க்கச் சொன்னார்கள். ஆக, இந்த உரையாடல் ஓர் ஒப்பீட்டின்மேல் எழுந்தது. ஒரே பயனுக்கு இரண்டு மருந்துகள் இருக்கையில், உடலை வதைப்பது விலக்கப்பட்டு மென்மையானது பாராட்டப்பட்டது. உரையாடலின் பொருளும் தெளிவானது: கேள்வி வயிற்றை இளக்குவது பற்றியது.

எல்லா நோய்க்கும் நிவாரணம் என்பது போன்ற சொற்களை எப்படிப் புரிந்துகொள்வது என்பதை நம் முன்னோர் விளக்கியே சென்றுள்ளனர். ஹிஜ்ரி 751இல் (1350) திமிஷ்கில் மறைந்த இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் கருஞ்சீரகம் பற்றிய ஹதீஸை விளக்கும்போது, அங்கே எல்லா நோய் என்பது குளிர்ச்சியால் வரும் நோய்களைக் குறிக்கும் என்று எழுதினார்கள். சொல் பொதுவாக இருப்பினும் பொருள் வரையறைக்கு உட்பட்டது என்பது அரபு மொழி வழக்கு அறிந்த அவர்களுடைய தெளிவு.

மருத்துவர்கள் வகுத்த அளவு

பண்டைய கிரேக்க மருத்துவ நூல்களில் ஸனா தெளிவாக அடையாளம் காணப்படவில்லை. அதை மருந்து நூல்களுக்குள் கொண்டுவந்தவர்கள் அரபு மொழியில் எழுதிய மருத்துவர்களே. எகிப்தில் பிறந்து கய்ரவானில் பணியாற்றிய யூத மருத்துவர் இஸ்ஹாக் பின் ஸுலைமான், மக்காவிலிருந்து வரும் ஸனாவைக் குறிப்பிட்டார். ஹிஜ்ரி 313இல் (925) மறைந்த அர்ராஸீ அதைக் கையாளும் முறையை விவரித்தார். மாலகாவில் பிறந்து, மூலிகைகளைத் தேடி வடஆப்பிரிக்கா முழுவதும் பயணம் செய்து, 1248இல் திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைதார், சுமார் 1,400 எளிய மருந்துகளையும் உணவுப் பொருள்களையும் அகரவரிசையில் தொகுத்த தம் பெருநூலில் ஸனாவுக்கும் இடமளித்தார்.

இவர்களுடைய எழுத்துகளில் நம்மைக் கவர்வது புகழுரை அன்று, வரையறை. இப்னுல் கய்யிம் அவர்கள் தம் நூலில் ஸனாவை ஹிஜாஸ் நிலத்துத் தாவரம் என்றும், அதில் மக்காவினது சிறந்தது என்றும், தீங்கு விளைவிப்பதில் அச்சம் குறைந்தது என்றும் எழுதுகிறார்கள். அதன் பின், இடித்த பொடியைவிடக் கொதிக்க வைத்த நீரே ஏற்றது என்பதையும், பொடிக்கு இவ்வளவு திர்ஹம் எடை, கஷாயத்துக்கு இவ்வளவு திர்ஹம் எடை என்பதையும் தனித்தனியே குறிக்கிறார்கள். விதை நீக்கிய சிவப்பு உலர் திராட்சையும் பனஃப்ஸா பூவும் சேர்த்துக் கொதிக்க வைப்பது மேலும் நல்லது என்கிறார்கள்.

ஸனாவோடு ஸனூத் என்ற பொருளையும் பயன்படுத்துமாறு கூறும் மற்றோர் அறிவிப்பு உண்டு. அந்த ஸனூத் எது என்பதில் எட்டுக் கருத்துகள் கூறப்பட்டதை அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். தேன், நெய்யின் ஒரு பகுதி, சீரக வகைகள், சோம்பு, சதகுப்பை, பேரீச்சை எனப் பட்டியல் நீள்கிறது. இவற்றுள் சீரகம், சோம்பு, சதகுப்பை ஆகிய மூன்றும் வயிற்று உப்புசத்தையும் பிடிப்பையும் தணிப்பவை என்பது கவனிக்கத்தக்கது. ஸனா தனியே உட்கொள்ளப்பட்டால் வயிற்றை முறுக்கிப் பிடிக்கும். நம் சித்த மருத்துவர்களும் நிலவாகைச் சூரணத்தில் சுக்கு, ஓமம் போன்றவற்றைச் சேர்ப்பது இதே காரணத்தால்தான். கடலால் பிரிந்த இரண்டு மருத்துவ மரபுகள் ஒரே இலையின் குறையைக் கண்டு, ஒரே வகைத் தீர்வைத் தந்திருக்கின்றன.

இந்த அறிவு மேற்கேயும் சென்றது. 11ஆம் நூற்றாண்டில் வடஆப்பிரிக்காவிலிருந்து இத்தாலியின் ஸலெர்னோவுக்குச் சென்ற கான்ஸ்டன்டைன் என்பவர் இஸ்ஹாக் பின் ஸுலைமானின் நூல்கள் உள்ளிட்ட அரபு மருத்துவ நூல்களை இலத்தீனில் ஆக்கினார். நாளடைவில் ஐரோப்பிய மருந்தகங்களில் ஸனா நிலையான இடம் பெற்றது. அதன் நெருங்கிய உறவான மற்றொரு செடி இத்தாலியில் பயிரிடப்பட்டு, அந்நாட்டின் பெயரையே தன் தாவரவியல் பெயரில் பெற்றது.

நைல் நதிக்கரையில் நிகழ்ந்த கலப்படம்

தேவை பெருகியபோது வணிகம் பெருகியது. நூபியாவின் பாலைவனத்தில் நாடோடி மக்கள் ஆண்டுக்கு இருமுறை ஸனாவைச் சேகரித்தனர். மழைக்குப் பின் செப்டம்பர் வாக்கில் கிடைப்பது பெரிய மகசூல்; ஏப்ரல் வாக்கில் கிடைப்பது சிறியது. செடியை வெட்டிப் பாறைகளின் மேல் பரப்பிக் காய வைத்து, ஓலைப் பைகளில் அடைத்து, ஒட்டகங்களில் ஏற்றி அஸ்வான் கொண்டுவந்தனர். அங்கிருந்து படகில் நைல் வழியாகக் காஹிராவின் துறையான பூலாக் சென்று, இஸ்கந்தரிய்யாத் துறைமுகத்தில் கப்பலேறியது.

ஐரோப்பியர் அதை அலெக்ஸாண்டிரியா ஸனா என்றனர். ஆனால் இஸ்கந்தரிய்யாவின் நிலத்தில் அது பயிராகவில்லை. அது ஏற்றுமதித் துறையின் பெயர் மட்டுமே. மக்கி என்ற பெயருக்கும் இந்த வரலாறு பொருந்தும். ஹிஜாஸில் ஸனா முளைப்பது உண்மை. எனினும் யமனிலும் பிற இடங்களிலும் பறிக்கப்பட்ட இலையும் அப்பெயராலேயே சந்தைகளில் விற்கப்பட்டது. சரக்கின் பெயர் அது முளைத்த மண்ணைக் காட்டும் என்று கொள்வதற்கில்லை.

எகிப்தில் இவ்வணிகம் அரசின் ஏகபோகமாக இருந்து, குத்தகைக்கு விடப்பட்டுவந்தது. 1798 முதல் 1801 வரை எகிப்தில் இருந்த பிரெஞ்சுப் படையுடன் சென்ற அறிஞர்களுள் தாவரவியலாளர் தெலிலும் மருந்தாளர் ரூயேயும் இருந்தனர். பூலாக்கின் கிடங்குகளில் நடந்த கலவை முறை அவர்கள் மூலம் வெளியுலகுக்குத் தெரிந்தது. பத்துப் பங்கில் ஐந்து பங்கு மட்டுமே கூரிய இலை கொண்ட உயர்ந்த ஸனா. மூன்று பங்கு வட்ட இலை கொண்ட தாழ்ந்த வகை. எஞ்சிய இரண்டு பங்கு ஹர்ஜல் எனப்படும் முற்றிலும் வேறான ஒரு பாலைச் செடியின் இலை. கணக்குப் பார்த்து, நிலையான விகிதத்தில், கிடங்கிலேயே நடந்த கலப்படம் இது.

ஐரோப்பாவிலும் மோசடி குறையவில்லை. பிரான்ஸில் சிலர் அந்நாட்டுக் காட்டில் வளரும் கொரியாரியா என்ற நச்சுச்செடியின் இலையை ஸனாவுடன் கலந்தனர். பேதி மருந்து என்று நம்பி உட்கொண்ட நோயாளியின் உயிருக்கே அது ஆபத்தாயிற்று. ஆகவே மருந்தாளர்கள் இலையின் அடிப்பகுதியைப் பார்க்கக் கற்றனர். ஸனாவின் சிற்றிலையில் நடுநரம்பின் இருபுறமும் உள்ள பகுதிகள் காம்போடு சேரும் இடத்தில் சமமாக இருப்பதில்லை. ஒருபுறம் சற்றுத் தாழ்ந்திருக்கும். ஹர்ஜல் இலையிலோ இரண்டும் சமம்; மேற்பரப்பு சுருக்கம் விழுந்திருக்கும்; இலையும் தடித்திருக்கும்.

மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் மறைக்கப்பட்டிருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்னும் கருத்தில் எச்சரித்த நிகழ்ச்சியை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்துள்ளது. அந்தப் போதனையின் அடிப்படையில் முஸ்லிம் நகரங்களில் முஹ்தஸிப் என்னும் சந்தைக் கண்காணிப்பாளர் நியமிக்கப்பட்டார். 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் அஷ்ஷைஸரீயும், ஹிஜ்ரி 729இல் (1329) மறைந்த இப்னுல் உகுவ்வாவும் அவருக்காகக் கையேடுகள் எழுதினர். அபினிலும் ரேவற்சின்னியிலும் எவையெவை கலக்கப்படுகின்றன, அவற்றைக் கண்டறிவது எப்படி என்றெல்லாம் மருந்து விற்போருக்கான பகுதியில் விளக்கினர். அத்தகைய நெறி எழுதப்பட்ட நாட்டிலேயே, சில நூற்றாண்டுகளுக்குப் பின் ஹர்ஜல் கலந்த மூட்டைகள் கப்பலேறின. நெறி நூலில் இருந்தது. அதைச் சந்தையில் நிலைநாட்டும் கை தளர்ந்துபோயிற்று. குத்தகைப் பணத்தை ஈட்டும் அவசரத்தில் இலையின் அமானிதம் தொலைந்தது.

செங்கடலிலிருந்து திருநெல்வேலி வரை

இச்செடியின் கதையில் தமிழகத்துக்கு உண்மையான பங்கு உண்டு. அரபு நிலத்து ஸனா மூட்டைகள் முகா முதலிய செங்கடல் துறைகளிலிருந்து பம்பாய்க்கு வந்து, அங்கிருந்து ஐரோப்பாவுக்கு மறு ஏற்றுமதியாயின. அதனால் பம்பாய் ஸனா என்ற பெயரும் வழங்கியது. மண்ணும் குச்சியும் பழுத்த இலையும் கலந்த அந்தச் சரக்குக்கு மதிப்புக் குறைவு.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையில் ஹியூஸ் என்ற ஆங்கிலேயர் அரபு நிலத்து விதையிலிருந்து ஸனாவைப் பயிரிட்டு ஏற்றுமதி செய்தார். காட்டில் வெட்டிக் கொண்டுவரும் பொருளாக இருந்தது இங்கே வயலில் விதைத்துப் பேணும் பயிராயிற்று. செங்கடல் கரையின் வறட்சிக்குப் பழகிய செடிக்குத் தென்பாண்டி நாட்டின் மானாவாரி நிலம் மிகவும் வளமானதே. இலை தாயகத்தைவிடப் பெரிதாக வளர்ந்தது. செடியை வேரோடு வெட்டாமல் இலையைக் கையால் பறித்துப் பக்குவமாக உலர்த்தினர். எனவே முறியாத, குச்சி கலக்காத, வேற்று இலை சேராத சரக்கு தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து சென்றது.

லண்டன் சந்தையில் திருநெல்வேலி ஸனா என்பது தூய்மையின் மறுபெயராயிற்று. பிரித்தானிய அரசு மருந்து நூல் அலெக்ஸாண்டிரியா ஸனாவுடன் இந்திய ஸனாவையும் ஏற்றுக்கொண்டது. இன்று உலகுக்கு மிகுதியாக ஸனா அளிக்கும் நாடு இந்தியா. திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர், இராமநாதபுரம் பகுதிகளோடு இராஜஸ்தானிலும் கச்சிலும் அது பயிராகிறது. வடக்கே விளைந்தாலும் உலகச் சந்தையில் திருநெல்வேலிப் பெயரே அதற்கு வழங்குகிறது.

திருநெல்வேலியின் இலை தன் தாயகத்து இலையைவிட வீரியம் மிக்கது என்பதனால் இப்பெயர் வரவில்லை. மூட்டையைப் பிரித்தால் உள்ளே சொன்ன பொருளே இருக்கும் என்ற நம்பிக்கையால் வந்தது. பெயர் தெரியாத உழவர்களும் இலை பறித்த பெண்களும் ஈட்டித் தந்த நம்பிக்கை அது.

இலைக்குள் இருந்த பொருள்

ஸனா ஏன் வேலை செய்கிறது என்பதற்கு விடை 1941ஆம் ஆண்டு கிடைத்தது. சுவிட்சர்லாந்தின் பாஸெல் நகரில் ஆர்தர் ஸ்டோலும் அவருடைய குழுவினரும் இலையிலிருந்து இரண்டு பொருள்களைத் தூய நிலையில் பிரித்தெடுத்து அவற்றுக்குச் சென்னோசைடு என்று பெயரிட்டனர். இவை வயிற்றிலும் சிறுகுடலிலும் மாற்றமடையாமல் கடந்துசெல்கின்றன. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களே இவற்றை உடைத்துச் செயல்படும் பொருளாக மாற்றுகின்றன. அப்பொருள் பெருங்குடலின் அசைவைத் தூண்டுகிறது. நீர் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. இதற்கெல்லாம் 6 முதல் 12 மணி நேரம் ஆகும். இரவில் உட்கொண்டால் காலையில் பயன் தெரிவது இதனால்தான்.

கள்ளிப்பாலைப் போல் உள்ளே இறங்கும் வழியெல்லாம் எரித்துச் செல்லாமல், உரிய இடம் சேர்ந்தபின்பே ஸனா செயல்படுகிறது. ஷுப்ருமுக்கும் ஸனாவுக்கும் இடையே அன்று சுட்டப்பட்ட வேறுபாட்டை நினைவூட்டும் செய்தி இது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும் ஸனா இடம்பெற்றுள்ளது. ஆகவே இது காலங்கடந்துபோன வைத்தியம் என்னும் பேச்சு நிற்காது.

அதே அறிவியல் அதன் எல்லையையும் காட்டுகிறது. மாத்திரையில் சென்னோசைடு சில மில்லிகிராம் அளவிலேயே தரப்படுகிறது. அதுவும் சில நாள்களுக்கு மட்டுமே. வாரக்கணக்கில் தொடர்ந்து உட்கொண்டால் உடலின் நீரும் உப்புகளும், குறிப்பாகப் பொட்டாசியமும் குறையும். பொட்டாசியம் குறைவது இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடும். சிறுநீர் பெருக்கும் மாத்திரையும் சில இதய மருந்துகளும் உட்கொள்வோருக்கு இந்த ஆபத்து மிகுதி. குடலில் அடைப்போ காரணம் தெரியாத வயிற்றுவலியோ உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சிறு குழந்தைகளும் மருத்துவர் சொல்லாமல் உட்கொள்ளலாகாது. பழைய நூல்களில் உள்ள திர்ஹம் கணக்கை அப்படியே எடுத்து வீட்டில் காய்ச்சுவதும் ஆபத்தே. மூன்று கிராம் அளவுள்ள திர்ஹம் எடையில் கூறப்பட்ட அளவுகள் இன்றைய மருத்துவம் அனுமதிக்கும் இலையின் அளவைவிடப் பல மடங்கு.

நமக்கு ஒரு பாடம்

2020ஆம் ஆண்டு கொரோனா பரவியபோது, ஸனா மக்கி அந்நோயைக் குணப்படுத்தும் என்ற செய்தி பாகிஸ்தானில் கைப்பேசி வழியே காட்டுத் தீயாகப் பரவியது. மக்கள் கடைகளில் குவிந்தனர். மலிவாகக் கிடைத்த இலையின் விலை சில வாரங்களில் பல மடங்கு உயர்ந்தது. நோயாளிகள் அதைக் காய்ச்சிக் குடித்தனர். காய்ச்சலால் ஏற்கனவே நீரிழந்த உடலுக்குப் பேதியும் சேர்ந்தால் என்னவாகும் என்று மருத்துவர்கள் எச்சரிக்க வேண்டியதாயிற்று. அந்த இலை கொரோனாவைக் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இருக்கவில்லை.

அங்கே கலப்படம் இலையில் நிகழவில்லை, சொல்லில் நிகழ்ந்தது. வயிற்றை இளக்குவது பற்றிய ஓர் உரையாடல் அதன் கேள்வியிலிருந்து பிரிக்கப்பட்டு, அறிஞர்கள் வகுத்த அளவும் துணைப் பொருளும் விளக்கமும் நீக்கப்பட்டு, தொடர்பற்ற ஒரு நோயோடு சேர்க்கப்பட்டது. பூலாக்கின் கிடங்கில் ஹர்ஜலைக் கலந்தவர் இலாபத்துக்காகச் செய்தார். செய்தியை அனுப்பியவர்களில் பலர் நன்மையை நாடியே செய்திருப்பர். ஆயினும் அருந்தியவரின் உடலுக்கு இந்த வேறுபாடு தெரியாது. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா தொகுப்புகளில் உள்ளது. ஒரு செய்தியை நூறு பேருக்கு அனுப்புமுன் அதை நினைத்துப் பார்ப்பது நம் கடமை.

இன்றும் நம்மூரில் உடல் எடை குறைக்கும் தேநீர் என்றும், குடலைச் சுத்தம் செய்யும் பொடி என்றும், சுன்னத்தான மருந்து என்றும் ஸனா பல உருவங்களில் விற்கப்படுகிறது. தினமும் பருகச் சொல்கிறார்கள். அதனால் குறைவது பெரும்பாலும் உடலின் நீரே அன்றிக் கொழுப்பு அன்று. வாங்குமுன் உறையில் சேர்பொருள்களைப் படியுங்கள். ஸனா, சென்னா, நிலவாகை ஆகிய மூன்றும் ஒன்றே என்பதை நினைவில் வையுங்கள். இலையாக வாங்கினால் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து விரித்து, அடிப்பகுதியின் இரு பக்கங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மலச்சிக்கல் ஓரிரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் இலையைக் கூட்டாமல் மருத்துவரை நாடுங்கள். வீட்டிலுள்ள முதியவர்கள் வேறு மருந்து உட்கொள்பவர்களாயின் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

மக்காவிலிருந்து வந்த பொட்டலத்தை மதிப்பது நல்லதே. அந்த மதிப்பு, மென்மையானதைத் தேர்ந்த நபிவழியையும், அளவு குறித்த அறிஞர்களின் பொறுப்பையும், சொன்ன பொருளையே மூட்டையில் வைத்த உழவர்களின் நேர்மையையும் சேர்த்து மதிப்பதாக இருக்கட்டும். வறண்ட மண்ணிலும் மனிதனுக்குப் பயன் தரும் ஒன்றை முளைக்கச் செய்த வல்ல அல்லாஹ், அதை அறிவோடும் அளவோடும் அமானிதத்தோடும் பயன்படுத்தும் நற்பேற்றை நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.